எலும்பைக் கரைத்தது கிருமியா, உடம்பா?

பாபநாசம் பக்கம் விவசாயம் பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு வயது 56. காலையும் இரவும் பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறவர். ஈறிலிருந்து ரத்தம் வந்ததே இல்லை. இருந்தும் கீழ் முன்பல் நாலும் ஆடுகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "கிருமி, எலும்பு கரைஞ்சுபோச்சு" என்றார். அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் ஆட்டம் நிற்கவில்லை. அதே வீட்டில் 78 வயது அப்பாயி உமிக்கரியை விரலால் தொட்டுத் தேய்த்து, பொழுதெல்லாம் வெற்றிலை போட்டு, பல்லைச் சுற்றிக் காரை கட்டிய வாயோடு முறுக்கு கடிக்கிறார். இதுதான் நீங்கள் எழுதியது. இதற்குள் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: கிருமிதான் காரணம் என்றால், கிருமி அதிகமுள்ள வாயில் அல்லவா எலும்பு போயிருக்க வேண்டும்? போகிற போக்கில், "அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர், பீடியும் உண்டு, அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்லைதானே" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அந்த வரியைப் பற்றித்தான்.

ஈறு நோய்ப் பிரிவில் மேல்படிப்பு முடித்து, கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் அப்பாவின் வாயையோ படத்தையோ நான் பார்க்கவில்லை. அதனால் எந்தப் பல் நிற்கும், எது போகும் என்றெல்லாம் இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். இந்த நோய் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லலாம். அதில் எது முடிவான விஷயம், எது இன்னும் இழுபறி என்பதையும் சொல்லலாம்.

முடிவான விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பல்லைத் தாங்கும் எலும்பைக் கிருமி தின்பதில்லை. நம் உடம்பில் எலும்பைக் கரைப்பதற்கென்றே ஒரு வகை உயிரணு உண்டு, ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். வெள்ளணு வம்சத்தைச் சேர்ந்த பல அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரிய அணுவாகி, எலும்பின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடியில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். மிச்சமிருக்கும் புரதத்தை நொதியால் அறுக்கும். இது கெட்ட அணு இல்லை. பழைய எலும்பைப் பிரித்தால்தான் புதிய எலும்பு கட்ட முடியும், அந்தப் பிரிக்கிற வேலை இதனுடையது. ஈறு நோயில் கிருமிகள் பெரும்பாலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பையோடு சரி, எலும்புக்குள் குடியேறுவதில்லை. கிருமிப் படலம் வேரில் இறங்க இறங்க எலும்பு அதற்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகும். படலத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் நடுவே எப்போதும் ஓர் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே பின்வாங்கும். வெள்ளம் ஊருக்குள் புகுந்துவிடும் என்றால் நம் ஆட்கள் தங்கள் வரப்பைத் தாங்களே வெட்டி விடுவதில்லையா? அப்படித்தான் உடம்பும், தொற்று எலும்புக்குள் நுழையாமலிருக்க எலும்பையே விட்டுக்கொடுக்கிறது. பல் போகலாம், தாடை தப்பும்.

அதற்காகக் கிருமிக்குப் பங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி இல்லாமல் இந்த நோய் தொடங்காது என்பதும் முடிவான விஷயம்தான். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹாரல்ட் லோ என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. கிருமிப் படலம் சேர்ந்தால் ஈறு அழற்சி வரும் என்பதில் அன்றிலிருந்து யாருக்கும் சந்தேகமில்லை. அந்த அழற்சி எல்லோருக்கும் எலும்பு வரை இறங்குமா என்பதற்குத்தான் வேறு பதில் வந்தது.

அந்தப் பதில் கிடைத்தது நம் மக்களிடமிருந்து. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 ஆண்களை, மலையகத் தமிழர்களை, இதே லோவின் குழு 1970 முதல் 15 வருடம் தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் பிரஷ் பழக்கம் கிடையாது, பல் மருத்துவரும் கிடையாது. எல்லார் பல்லிலும் படலம், காரை, ஏறக்குறைய எல்லாருக்கும் வீங்கிய ஈறு. (பார்த்துக்கொண்டே இருந்தார்களே, வைத்தியம் செய்யாமல்? படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் முள் குத்துகிற இடம் இது. இன்று இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது.) 1986இல் வெளிவந்த முடிவின்படி அவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக இறங்கியது, 45 வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போயிருந்தது. பல் வேரின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதாவது பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக, அதே வயதில் சுமார் 7 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை. ஒரே மாதிரித் தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. உங்கள் அப்பாயி அந்த 11 சதவீதத்து ஆள் என்பது என் ஊகம்.

வித்தியாசம் உடம்பு காட்டும் எதிர்ப்பில் இருக்கிறது. ஈறின் ஓரத்தில் எந்நேரமும் காவல் உண்டு. ஆரோக்கியமான வாயிலேயே நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து கிளம்பி ஈறு வழியாக வாய்க்குள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நியூட்ரோஃபில் என்ற முன்வரிசைப் படை. எதிரே இருக்கும் பிளேக் என்ற பிசுபிசுப்பான படலத்தில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி கிருமி. அது தனித்தனியாகத் திரியும் கூட்டமும் இல்லை, பசை பூசிப் பல்லோடு ஒட்டிய கோட்டை. ஒரு நியூட்ரோஃபிலால் அதை விழுங்க முடியாது. விழுங்க முடியாமல் தன்னிடமுள்ள நொதிகளை அங்கேயே கொட்டிவிட்டுச் சாகும். கோட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. பக்கத்திலிருக்கும் ஈறின் நார்கள்தான், அதாவது பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் கயிறுகள்தான், அறுந்துபோகின்றன. அறுக்கும் கொலாஜனேஸ் நொதியில் பெரும்பங்கு நம் அணுக்கள் தயாரித்தது.

சண்டை நீண்டால் உடம்பு மேலும் ஆள் கூப்பிடும். இன்டர்லூகின்-1, டி.என்.எஃப்., புரோஸ்டாகிளாண்டின் எல்லாம் அந்தக் கூப்பாட்டுக்கான ரசாயனங்கள். இவை பெருகியதும் எலும்பு கட்டும் அணுக்களும், அங்கே வந்து கூடியிருக்கும் டி, பி வகை வெள்ளணுக்களும் ராங்க்-எல் என்ற புரதத்தைக் காட்ட ஆரம்பிக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக அந்தப் புரதம்தான் உத்தரவு. உத்தரவை இடைமறிக்க உடம்பிலேயே ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்று இன்னொரு புரதம் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. உத்தரவு மேலோங்கினால் எலும்பு பிரியும், தடுப்பு மேலோங்கினால் நிற்கும். அப்பாவுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்பு போதாமல் கரைந்த எலும்பு அல்ல இது, உத்தரவு போட்டுப் பிரித்த எலும்பு. கால்சியம் அந்த உத்தரவை மாற்றாது.

இங்கே ஒரு சுழற்சி இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர்களுக்கு உடனே புரியும். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் பயிர் கருகருவென்று வரும், பின்னாலேயே புகையான் பூச்சி வந்து உட்காரும். அழற்சியும் கிருமிக்கு யூரியா மாதிரிதான். வீங்கிய ஈறிலிருந்து கசியும் நீரில் அறுந்த கொலாஜன் துண்டுகளும் ரத்தத்தின் இரும்பும் இருக்கின்றன. சாதாரண வாய்க் கிருமிகளுக்கு அவை தேவைப்படுவதில்லை. பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரியான சிலவற்றுக்கு அதுதான் விருந்து. அழற்சி முற்ற முற்ற அந்த வகைகள் பெருகும், அவை பெருகப் பெருக அழற்சி முற்றும். எலிகளில் 2011இல் செய்த ஒரு பரிசோதனையில் இந்த ஜிஞ்சிவாலிஸை மிகச் சிறிய எண்ணிக்கையில் வாயில் விட்டதுமே மற்றக் கிருமிகளின் கூட்டம் மாறி, எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் அதே ஜிஞ்சிவாலிஸை விட்டபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தானே எலும்பைத் தொடுவதில்லை. நம் எதிர்ப்பு முறையைத் திருகிவிட்டு மற்றவற்றுக்குக் கதவு திறக்கிறது. இதை மனிதருக்கும் அப்படியே பொருத்தலாமா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. பொருந்தும் என்பது என் சாய்வு. அழற்சி முன்பா, கிருமி மாற்றம் முன்பா என்ற சண்டையும் எங்கள் துறையில் ஓய்ந்தபாடில்லை.

எதிர்ப்பு அதிகமானால் எலும்பு போகிறது, சரி. குறைந்தால்? அப்போதும் போகிறது என்பதுதான் வேடிக்கை. வெள்ளணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாத ஓர் அரிய பிறவிக் குறை உண்டு. அந்தக் குழந்தைகளின் பற்கள் சிறு வயதிலேயே ஆடி விழுந்துவிடும். காவல் இல்லை, கிருமி புகுந்துவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்தோம். வெளியே வந்து சேராத நியூட்ரோஃபிலுக்காக உடம்பு இன்டர்லூகின்-17ஐ ஓயாமல் சுரந்து அழற்சியைக் கொழுந்துவிட வைப்பது பின்னால்தான் தெரிந்தது. 2017இல் இந்தக் குறையுள்ள ஒருவருக்கு அந்த சமிக்ஞைப் பாதையை அடைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். கிருமிக்கொல்லி அல்லாத அந்த மருந்தில் ஈறு ஆறியது. ஒரே ஒரு நோயாளி என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டியது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். நியூட்ரோஃபில் சரியாக வேலை செய்யாது. செய்யாமலிருந்தாலும் பரவாயில்லை, சாகாமல் அங்கேயே நின்று நொதி கசியும். சர்க்கரை ஏறிய புரதங்கள் அழற்சி அணுக்களைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ராங்க்-எல் பக்கம் தராசு சாயும், கரைந்த இடத்தில் திரும்பக் கட்டுவதும் சுணங்கும். இது இரு வழிப் பாதை. ஈறின் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது சுகரின் மூன்று மாதச் சராசரி, சுமார் 0.4 புள்ளி இறங்குவதைப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியலாம், கூடுதலாக ஒரு மாத்திரை போடுவதில் கிடைக்கும் பலனை நெருங்கும் எண் அது.

பீடி விஷயம் இதைவிடக் குயுக்தியானது. புகையிலை ஈறின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் நோய் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் ரத்தம் வராது, ஈறு சிவக்காது. வெளிறி, கெட்டியாக, ஆரோக்கியமான ஈறு போலவே இருக்கும். ரத்தம் வந்ததே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் தேடியது பீடி என்ற சொல்லைத்தான். பீடியை விட்டு சில வாரத்தில் தேய்க்கும்போது ரத்தம் வரும். பலர் பயந்துபோய் பீடியை விட்டதால்தான் வியாதி வந்தது என்று மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். அறுவடை நேரத்தில் என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் ஒரு பீடிக்கட்டை முழுசாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

இரண்டு வேளை தேய்த்தும் ஏன் என்கிறீர்கள். பிரஷ் நார் ஈறுக்குக் கீழே மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் போகும். ஐந்து மில்லிமீட்டர் பைக்குள் அதற்கு வேலை இல்லை. அதுவும் கீழ் முன்பல்லின் உட்புறம், நாக்குக்கு எதிரே, எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிற இடம். எச்சிலின் சுண்ணாம்பு அங்கேதான் முதலில் காரையாக உறையும். பிரஷ் கை எட்டாத இடமும் அதுவே. பரம்பரைக்கும் பங்கு உண்டு. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளில் நோயின் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் என்று வந்தது. அப்பாயியின் வரம் மகனுக்கு வராமலும் போகலாம், அவருக்கு அப்பா என்று இன்னொருவர் இருந்தாரே.

ஆன்டிபயாட்டிக் ஏன் பலிக்கவில்லை என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். பசைக் கோட்டைக்குள் மருந்து சரியாக இறங்காது. இறங்கிக் கொன்றாலும் கோட்டை அங்கேயே இருக்கும், சில வாரத்தில் மறுபடி குடியேறிவிடும். வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வதோடு சேர்த்து, பொறுக்கி எடுத்த சிலருக்கு அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொஞ்சம் கூடுதல் பலன் தரும். தனியாகக் கொடுப்பது வீண்.

அப்படியானால் கிருமியை விட்டுவிட்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கினால் என்ன? எங்கள் துறையும் இந்தக் கேள்வியைக் கேட்டது. ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைத் தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989இல் வந்தது. எலும்புக் கரைவு நிஜமாகவே மெதுவானது. நிறுத்தியதும் பலனும் போனது. ஆயுள் முழுக்க வலி மாத்திரை சாப்பிட்டால் வயிறும் கிட்னியும் என்னாகும்? சுகர் உள்ளவருக்கு இன்னும் ஆபத்து. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் நிற்க வேண்டாம். டாக்ஸிசைக்ளினுக்குக் கிருமியைக் கொல்வதோடு கொலாஜனேஸை முடக்கும் குணமும் உண்டு. கிருமியைக் கொல்லாத அளவில், 20 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, என்று அமெரிக்காவில் 1998இல் அனுமதித்தார்கள். பலன் உண்டு, சுத்தம் செய்வதோடு சேர்ந்தால் மட்டும், அதுவும் சிறிய அளவில். அழற்சியை அடக்குவதற்குப் பதில், அது தானே முடிவதற்கு உடம்பு பயன்படுத்தும் ரிசால்வின் போன்ற பொருட்களைக் கொடுப்பது இன்னொரு வழி. முயல்களில் அதைத் தடவியபோது கரைந்த எலும்பு திரும்ப வளர்ந்தது. மனிதருக்கு அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. ரிசால்வின் மீன் கொழுப்பிலிருந்து உருவாவது என்பதால் மத்தி மீன் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், குழம்பு ருசியாக இருக்கும். பல் ஆட்டத்துக்கு மருந்தாக எண்ண வேண்டாம்.

ஆகக் கடைசியில் நம் கையில் உறுதியாக இருப்பது பழைய வேலைதான். படலத்தையும் காரையையும் வேரிலிருந்து எடுப்பது. எடுத்தால் சண்டைக்குக் காரணம் போய்விடும், உத்தரவு நிற்கும். உடம்புதான் எலும்பைக் கரைக்கிறது என்ற அறிவு அந்த வேலையை வேண்டாம் என்று ஆக்கவில்லை, சுகரையும் பீடியையும் அந்த வேலையோடு சேர்த்துவிட்டது, அவ்வளவே. க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்று ஊரில் சொல்வார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காரை பல்லுக்குப் பல் பாலம் கட்டி ஆடுகிற பல்லைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரியும், வீக்கம் வடிந்து பல்லிடையே சந்து தெரியும், கொஞ்ச நாள் கூசும். பல வாரம் பொறுத்தால் நார்கள் இறுகி ஆட்டம் குறைவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். போன எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாகக் கரைந்திருந்தால் திரும்பாது. ஒரு பல்லோரம் மட்டும் கிணறு மாதிரி இறங்கியிருந்தால் அறுவைசிகிச்சையில் கொஞ்சம் மீட்கலாம். எது என்பதைப் படமும், ஒவ்வொரு பல்லையும் ஆறு இடத்தில் அளக்கும் மில்லிமீட்டர் குச்சியும்தான் சொல்லும். அப்பாவுக்கு அப்படி அளந்தார்களா என்று கேளுங்கள். அளந்த காகிதத்தோடு கடைசி ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் சுத்தத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். பல்லிடுக்குக்கென்று சின்ன பிரஷ் விற்கிறது, சந்து விழுந்த வாய்க்கு அது பேஸ்ட்டைவிட முக்கியம்.

ஈறு நோய் மாரடைப்பைக் கொண்டுவரும் என்று படித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே ஆட்களிடம் சேர்ந்து வருவது உண்மை. ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்பது நிரூபணம் ஆகவில்லை. பீடியும் சுகரும் இரண்டுக்கும் பொது என்பதைக் கழித்துப் பார்ப்பது லேசான காரியமில்லை.

அப்பாயியைப் பற்றி ஒரு வார்த்தை. உமிக்கரிதான் பல்லைக் காப்பாற்றியது என்று நினைத்து நீங்களும் ஆரம்பித்துவிடாதீர்கள். உமியின் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, மணல் ஜாதி. பல்லின் கழுத்தில் தேய்மானம் பள்ளமாக விழுந்திருக்கும், பாருங்கள். கொழுந்து வெற்றிலையால் கெடுதல் இல்லை, கூடப் போகும் பாக்குதான் விஷயம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக அளவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். எலும்பு அசையாத அந்த வாயில் நான் பயப்படுவது கன்னத்தின் உட்புறத்துக்குத்தான். அப்பாவை அழைத்துப் போகும் அன்றைக்கே அவரையும் கூட்டிப்போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், முன்பு போல வாய் அகலத் திறக்க முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் அப்பாவின் பல்லுக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.